மூடிய விதையும் திறந்த விதையும்

படைப்பைச் சிந்திப்போம்



மதிய உணவுக்குக் கத்தரிக்காய் அரியும் வேளையில் ஒரு கணம் அரிவாள்மனையை நிறுத்திவிட்டு, அக்காயின் உட்புறத்தைச் சற்றே நோக்குங்கள். சின்னஞ்சிறு விதைகள் வெண்மையான சதையினுள் அணியணியாய்ப் பதிந்திருக்கும். வெண்டைக்காயைப் பிளந்தால் ஐந்தறைப் பெட்டிபோல் அறைகள் தோன்றும்; அறைதோறும் முத்து முத்தாய் விதைகள். மிளகாய், மாதுளை, எலுமிச்சை, அவரை என எதனை எடுத்துக்கொண்டாலும் விதை ஒரு வீட்டுக்குள் குடியிருக்கக் காண்கிறோம். சுவரும் கூரையும் உடைய வீடு அது. நாம் காய் என்றும் கனி என்றும் அழைப்பது அவ்வீட்டைத்தான்.

விதைக்கு இப்படி ஒரு வீடு அமைந்திருப்பதை நாம் இயல்பாக எடுத்துக்கொள்கிறோம். ஆனால் உலகில் வீடில்லா விதைகளும் உண்டு. அவை செதில்களின் மேல் திறந்தவெளியில் அமர்ந்திருப்பவை. விதை தரும் தாவரங்கள் அனைத்தையும் அறிஞர்கள் இரு பெருங்குலங்களாகப் பிரித்திருப்பது இந்த ஒரே வேறுபாட்டை அடிப்படையாகக் கொண்டுதான். அவ்விரு குலங்களைப் பற்றி இம்மாதம் சிந்திப்போம்.

இரு குலங்கள்

விதையைச் சூலகம் என்னும் அறையினுள் மூடி வளர்ப்பவை பூக்கும் தாவரங்கள். நெல்லும் வாழையும், மாவும் மல்லிகையும், தென்னையும் தேக்கும் இக்குலத்தைச் சேர்ந்தவை. இவற்றை மூடுவிதைத் தாவரங்கள் என்றும் பாட நூல்கள் குறிப்பிடுகின்றன. விதையை மூடாமல் செதிலின்மேல் தாங்குபவை திறந்தவிதைத் தாவரங்கள். பைன், தேவதாரு, சைப்ரஸ் முதலான ஊசியிலை மரங்களும், சைகஸ் போன்றவையும் இக்குலத்தவை. இவற்றுள் பெரும்பாலானவை பூவுக்குப் பதிலாகக் கூம்பு தாங்குவதால் கூம்பு மரங்கள் எனப் பொதுவாகப் பேசப்படுகின்றன.

எண்ணிக்கையை ஒப்பிட்டால் வியப்பே மிஞ்சும். பூக்கும் தாவரங்களில் ஏறத்தாழ 3 லட்சம் இனங்கள் உள்ளன. திறந்தவிதைத் தாவரங்களோ சுமார் ஆயிரம் இனங்களே. ஆயினும் வயதில் மூத்தவை இவையே. பாறைகளில் பதிந்துள்ள எச்சங்களைக் கொண்டு இவை 30 கோடி ஆண்டுகளுக்கும் முற்பட்டவை எனக் கணித்துள்ளனர். பூக்களின் தெளிவான சுவடுகள் ஏறத்தாழ 13 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய பாறைகளிலிருந்துதான் கிடைக்கின்றன. பல கோடி ஆண்டுகள் இப்பூமி ஒரு மலரேனும் இன்றிப் பசுமையாய் இருந்தது என்று எண்ணும்போது உள்ளம் சிலிர்க்கிறது.

இந்த வேறுபாட்டைத் தெளிவாக உணர்த்திய பெருமை ஸ்காட்லாந்து நாட்டுத் தாவரவியல் அறிஞர் ராபர்ட் பிரவுன் அவர்களைச் சாரும். பைன், சைகஸ் ஆகியவற்றின் சூல்கள் எவ்வித உறையறையும் இன்றித் திறந்திருப்பதை அவர் 1820களில் எடுத்துக்காட்டினார். மகரந்தம் அச்சூலின் வாயிலுக்கே நேராகச் சென்று சேர்கிறது என்பதும் அவர் கண்ட உண்மையாகும்.

பூ என்பது யாது?

பூ என்றவுடன் நமக்கு நினைவுக்கு வருவது வண்ணமும் வாசமும். உண்மையில் இதழ்கள் இன்றியும் பூ உண்டு. நெற்பயிரின் பூவில் கண்கவர் இதழ்கள் இல்லை. வாசம் வீசுவதும் இல்லை. ஆயினும் அது பூவே. ஒரு பூவைப் பூவாக்குவது அதன் நடுவிலுள்ள சூலகமே ஆகும். அதன் உச்சியில் சூல்முடி என்னும் ஒட்டும் தன்மையுள்ள பகுதி இருக்கும். மகரந்தத் தூள் சூலை நேரே தொடுவதில்லை. சூல்முடியில் வந்து ஒட்டிக்கொண்டு, அங்கிருந்து நுண்ணிய குழாய் ஒன்றை உள்நோக்கி அனுப்புகிறது. அக்குழாய் சூலகத்தைத் துளைத்துச் சென்று சூலை அடைகிறது.

மக்காச்சோளக் கதிரின் நுனியில் தொங்கும் பட்டு நூல்களைப் பார்த்திருப்பீர்கள். ஒவ்வொரு நூலும் ஒரு மணியோடு இணைந்துள்ளது. நூலின் நுனியில் விழுந்த மகரந்தம் அந்நூலின் நீளம் முழுவதும் குழாய் விட்டுக் கீழிறங்கி, ஏறத்தாழ ஒரே நாளில் சூலை அடைந்துவிடுகிறது. ஏதேனும் ஒரு நூலுக்கு மகரந்தம் கிட்டாமற்போனால் அவ்விடத்தில் மணி பிடிக்காது. கதிரில் ஆங்காங்கே பல் விழுந்தாற்போல் இடைவெளி காணப்படுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

கருவுறும் முறையிலும் பூக்களுக்கு ஒரு தனிச்சிறப்பு உண்டு. மகரந்தக் குழாய் கொண்டுவரும் இரு ஆண் உயிரணுக்களில் ஒன்று கருவை உண்டாக்குகிறது; மற்றொன்று அக்கருவுக்கான உணவை உண்டாக்குகிறது. இவ்விரட்டைக் கருவுறுதலை 1898ஆம் ஆண்டில் நவாஷின் என்ற ரஷ்ய அறிஞர் கண்டறிந்தார். இவ்வாறு உண்டாகும் உணவுக்கு முளைசூழ் தசை என்று பெயர். பெயர் புதிதாகத் தோன்றினாலும் பொருள் நமக்குப் பழக்கமானதே. நாம் பருகும் இளநீரும், துருவிச் சமைக்கும் தேங்காய்ப் பருப்பும் தென்னையின் முளைசூழ் தசையே. நாம் உண்ணும் சோறும் பெரும்பாலும் நெல்லின் முளைசூழ் தசைதான். குழந்தை உண்டான பிறகே அதற்கான உணவைத் தாய் திரட்டத் தொடங்குகிறாள் என்று இதனைச் சொல்லலாம். கருவில்லாத இடத்தில் உணவு வீணாவதில்லை.

கூம்பின் நிதானம்

பைன் மரத்தின் வழக்கம் வேறு. கொடைக்கானலிலும் உதகையிலும் ஆங்கிலேயர் காலந்தொட்டு நடப்பெற்ற பைன் தோப்புகளைச் சுற்றுலா சென்றோர் கண்டிருப்பர். அங்கே தரையில் கிடக்கும் மரத்தாலான கூம்புகளைப் பிள்ளைகள் விளையாட்டாக எடுத்து வருவதுண்டு. அவை பெண் கூம்புகள். ஆண் கூம்புகள் சிறியவை, மென்மையானவை. மஞ்சள் நிற மகரந்தத்தை உதிர்த்துவிட்டுத் தாமும் உதிர்ந்துவிடும். இரண்டும் ஒரே மரத்தில் உண்டாகின்றன.

பைன் மகரந்தத்தின் ஒவ்வொரு துகளிலும் இரு காற்றுப் பைகள் உள்ளன. அவற்றின் துணையால் அது காற்றில் மிதந்து செல்கிறது. இளம் பெண் கூம்பு தன் செதில்களைச் சற்றே விரித்துக் காத்திருக்கிறது. சூலின் வாயிலில் ஒரு துளி நீர் கசிந்து நிற்கிறது. மிதந்து வரும் துகள் அத்துளியில் ஒட்டி உள்ளே இழுக்கப்படுகிறது. இதன்பின் செதில்கள் மூடிக்கொள்கின்றன. இனித்தான் வியப்பு. மக்காச்சோளத்தில் ஒரே நாளில் முடிந்துபோகும் பயணத்துக்குப் பைன் மரத்தில் ஏறத்தாழ ஓராண்டு ஆகிறது. மகரந்தம் வந்து சேர்ந்த மறு ஆண்டில்தான் கருவுறுதல் நிகழும். அதன் பின்னரே விதை முற்றும். கூம்பு மீண்டும் விரியும். சிறகு முளைத்த விதைகள் காற்றில் பறந்து செல்லும்.

கருவுக்கான உணவைப் பைன் மரம் கரு உண்டாகுமுன்பே சேமித்து வைத்துவிடுகிறது. இரட்டைக் கருவுறுதலால் உண்டாகும் முளைசூழ் தசை இங்கே கிடையாது. இமயமலைப் பகுதியில் சில்கோஜா எனப்படும் பைன் பருப்பு, கின்னோர், ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான் மலைப்பகுதிகளில் விளைந்து உலர் பழக் கடைகளுக்கு வருகிறது. விலை மிகுந்த அப்பருப்பின் வெண்ணெய் போன்ற சுவைக்குக் காரணம், தாய் முன்கூட்டியே சேமித்து வைத்த அவ்வுணவுதான்.

மதீனத்துப் பேரீச்சை

தாவரங்களில் ஆணும் பெண்ணும் உண்டு என்பதை ஐரோப்பிய அறிவுலகம் சோதனை வாயிலாக ஏற்றது 1694இல். ஜெர்மானிய அறிஞர் கமராரியுஸ் அவ்வாண்டில் இதனை வெளியிட்டார். ஆனால் பேரீச்சை விளையும் நாடுகளின் உழவர்கள் ஆயிரமாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இதனைத் தம் அனுபவத்தால் அறிந்திருந்தனர். பேரீச்சையில் ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. ஆண் பாளையிலிருந்து பூங்கொத்தை எடுத்துப் பெண் பாளைக்குள் செருகிக் கட்டுவது அவர்தம் வழக்கம். இன்றும் பேரீச்சைத் தோட்டங்களில் மகரந்தம் மனிதக் கையால்தான் சேர்க்கப்படுகிறது. ஓர் ஆண் மரம் சுமார் 50 பெண் மரங்களுக்குப் போதுமானது.

இது தொடர்பான நிகழ்ச்சியொன்று ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ளது. நம்மில் பலர் கேட்டிருக்கக்கூடியதே. நபி (ஸல்) அவர்கள் மதீனாவுக்கு வந்தபோது அம்மக்கள் பேரீச்சைக்கு மகரந்தம் சேர்ப்பதைக் கண்டார்கள். அதனால் பயன் இருக்குமென்று தாம் கருதவில்லை என்ற எண்ணத்தைத் தெரிவித்தார்கள். அதைச் செவியுற்ற தோழர்கள் அவ்வழக்கத்தை விட்டுவிட்டனர். அவ்வாண்டு விளைச்சல் குன்றியது. இச்செய்தி எட்டியதும் நபி (ஸல்) அவர்கள், தாம் கூறியது ஒரு கருத்து மட்டுமே என்றும், மார்க்கத்தில் தாம் அறிவிப்பதைப் பற்றிக்கொள்ள வேண்டும் என்றும், உலகக் காரியங்களை அவற்றை அறிந்தோர் தம் அறிவின்படி நடத்திக்கொள்ளலாம் என்றும் தெளிவுபடுத்தினார்கள்.

விளைச்சல் ஏன் குன்றியது என்பதைத் தாவரவியல் விளக்குகிறது. பேரீச்சையின் பெண் பூவில் மூன்று சூலகங்கள் உள்ளன. மகரந்தம் கிடைத்தால் ஒன்று மட்டும் கனியாகி மற்ற இரண்டும் உதிரும். மகரந்தம் கிடைக்காவிடில் மூன்றுமே சிறுத்து, கொட்டையின்றிச் சுவையற்ற சதையாய்த் தங்கிவிடும். இத்தகைய தரமற்ற காய்க்கு அரபியில் ஷீஸ் என்று பெயர். மேற்கண்ட நிகழ்ச்சியின் அறிவிப்பு ஒன்றில் இச்சொல்லே இடம்பெறுகிறது என்பது குறிப்பிடத்தக்கது.

இந்நிகழ்ச்சியில் நமக்குள்ள படிப்பினை ஆழமானது. ஒரு மரம் எவ்வாறு காய்க்கிறது என்பதை மரத்தைப் பார்த்தே அறிய வேண்டும் என்ற வாயில் நமக்காகத் திறந்து வைக்கப்பட்டிருக்கிறது. அவ்வாயிலில் நம் முன்னோர் துணிவுடன் நுழைந்தனர். ஹிஜ்ரி 282இல் (கி.பி. 895) மறைந்த அபூ ஹனீஃபா அத்தீனவரி (ஃபிக்ஹுக் கலை மேதையான இமாம் அபூ ஹனீஃபா அவர்கள் அல்லர்) தாவரங்களுக்கென்றே 'கிதாபுந் நபாத்' என்னும் பெருநூலை யாத்தார். ஸ்பெயினின் மலாகாவில் பிறந்து 1248இல் திமிஷ்கில் மறைந்த இப்னுல் பைத்தார் சுமார் 1400 மருந்துப் பொருள்களை அகர வரிசையில் தொகுத்தளித்தார். திருமறையின் 15ஆவது அத்தியாயம் 22ஆம் வசனம் காற்றைச் சூல்கொள்ளச் செய்வதாகக் குறிப்பிடுவதை விளக்கப் புகுந்த விரிவுரையாளர்கள், மேகத்தோடு மரங்களையும் சேர்த்தே பேசினர். பேரீச்சையின் மகரந்தமும் இயற்கையில் காற்றின் வழியேதான் செல்கிறது. பைன் மரத்தினதும் அவ்வாறே. எனவே காற்றை நம்பியிருப்பதால் ஒன்று கூம்பு மரம் ஆகிவிடாது. விதை இருக்குமிடமே குலத்தைச் சொல்லும்.

தோற்றத்தைக் கண்டு துணிய வேண்டா

கடற்கரை ஊர்களில் வாழும் நம் மக்களுக்குச் சவுக்கு நன்கு பழக்கமான மரம். ஊசி ஊசியாய்த் தொங்கும் பசுமை, காற்றில் எழும் இரைச்சல், அடியில் சிதறிக் கிடக்கும் சிறு கூம்புகள் ஆகிய அனைத்தையும் கண்டு இது பைன் மரத்தின் உறவு என்றே பலரும் எண்ணுகின்றனர். உண்மையில் சவுக்கு ஒரு பூக்கும் தாவரம். நாம் ஊசியிலை என்று கருதுவது பச்சை நிறச் சிறு கிளை. அதனைக் கணுக்கணுவாகப் பிரித்துப் பார்த்தால், ஒவ்வொரு கணுவிலும் பல் போன்ற நுண்ணிய செதில்கள் வட்டமாக அமைந்திருக்கும். அவையே அதன் இலைகள். கிளையோரத்தில் சிவந்த இழைகளுடன் தோன்றும் சிறு உருண்டைகள் பெண் பூக்களின் கூட்டம். அச்சிவந்த இழைகள் சூல்முடிகள். சூல்முடி இருக்குமாயின் அங்கே சூலகம் உண்டு. சூலகம் இருக்குமாயின் அது பூவே. அவ்வுருண்டை முற்றிக் கூம்பைப் போல் காட்சியளிக்கிறது. அதன் ஒவ்வொரு வாயிலிருந்தும் வெளிப்படுவது சிறகுடைய ஒரு கனி. விதை அதனுள் மூடப்பட்டிருக்கிறது.

ஸபா நாட்டாரின் தோட்டங்கள் அழிந்ததைக் கூறும் 34ஆவது அத்தியாயத்தில் 'அத்ல்' என்றொரு மரம் குறிப்பிடப்படுகிறது. பாலை நிலத்தில் வளரும் இதன் இலைகளும் நுண்ணிய செதில்களே. தொலைவில் நின்று பார்ப்போர் சைப்ரஸ் என்று எண்ணுவர். இதுவும் இளஞ்சிவப்பு அல்லது வெண்ணிறச் சிறு பூக்கள் கொத்தாய்ப் பூக்கும் தாவரமே. திருமறை பெயர் சொல்லிக் குறிப்பிடும் பேரீச்சை, திராட்சை, ஒலிவம், அத்தி, மாதுளை, இஞ்சி, வெங்காயம், கடுகு ஆகிய யாவும் பூக்கும் குலத்தவை.

இதற்கு நேர்மாறானது சைகஸ். பனையைப் போன்ற தண்டு, தென்னங்கீற்றைப் போன்ற இலை. பார்ப்பவர் எவரும் இதனைக் குட்டிப் பனை என்றே கூறுவர். பேரீச்சையைப் போலவே இதிலும் ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. ஆயினும் இது பைன் மரத்தின் குலத்தைச் சேர்ந்தது. பெண் மரத்தின் உச்சியைப் பார்த்தால், சிற்றிலை போன்ற செதில்களின் ஓரங்களில் விதைகள் வெளிப்படையாகத் தொங்கக் காணலாம். திறந்த விதை என்பதைக் கண்ணால் காண இதைவிடச் சிறந்த சான்று இல்லை. இதன் ஆண் உயிரணுக்கள் நீந்திச் சென்று சூலை அடைகின்றன என்பதை 1896இல் இக்கேனோ என்ற ஜப்பானிய அறிஞர் கண்டறிந்தார். இன்றுள்ள விதை தரும் தாவரங்களில் இத்தகைய நீந்தும் உயிரணு சைகஸ் வகைகளிலும் கிங்கோ மரத்திலும் மட்டுமே உண்டு.

பூவல்லாத 'பூ'

மேற்குத் தொடர்ச்சி மலைப்பகுதியில் இயற்கையாக வளரும் சைகஸ் இனம் ஒன்று கேரளத்தில் ஈந்து எனப்படுகிறது. மலபார்ப் பகுதியில் இதன் விதையை மாவாக்கிச் செய்யும் ஈந்துப் பிடி என்னும் உணவு மாப்பிள்ளை முஸ்லிம் இல்லங்களிலும் வழக்கில் உண்டு. இதன் ஆண் கூம்பின் செதில்கள் நம் நாட்டு மருந்துக் கடைகளில் மதனகாமப்பூ என்ற பெயரில் விற்கப்படுகின்றன. பெயரில் பூ இருக்கிறது. பொருளில் பூ இல்லை. அது மகரந்தம் தாங்கும் கூம்பு.

இப்பெயர்ப் பிழை மொழிக் குற்றத்தோடு நின்றுவிடவில்லை. ஒரு மல்லிகையைப் பறித்தால் மறுநாள் நூறு மலரும். சைகஸ் மரமோ மிக மெதுவாக வளர்வது. ஒரு மரம் எப்போதேனும் ஒரு கூம்புதான் தாங்கும். ஆண் கூம்பை வெட்டியெடுத்தால் அப்பருவத்துக்குப் பெண் மரங்களுக்கு மகரந்தம் கிட்டாது. மதீனத்து மக்கள் ஓராண்டு கைவிட்டதை, காட்டில் நாம் ஆண்டுதோறும் தடுத்துக்கொண்டிருக்கிறோம். இதன் இலைகள் அலங்காரத்துக்காகவும், தண்டின் சோறு மாவுக்காகவும் வெட்டப்படுகின்றன. காடுகளும் சுருங்கிவிட்டன. இதன் விளைவாக இவ்வினம் உலக அளவில் அழியும் ஆபத்திலுள்ள இனங்களின் பட்டியலில் இடம்பெற்றுவிட்டது. திருமணப் பந்தலுக்கு அலங்காரம் செய்வோர், காட்டுச் சைகஸ் இலைகளைத் தவிர்த்துத் தென்னங்கீற்றையும் கமுகங்குலையையும் கொண்டு அழகு செய்தால் ஓர் உயிரினத்துக்கு உபகாரம் செய்தவர்கள் ஆவர். வீண் விரயத்தை வெறுக்கும் மார்க்கம் நம்முடையது.

இல்லத்தரசிகள் கவனிக்க வேண்டிய செய்தி மற்றொன்றும் உண்டு. ஜப்பானைச் சேர்ந்த சைகஸ் வகையொன்று 'சாகோ பாம்' என்னும் பெயரில் நாற்றுப் பண்ணைகளில் தொட்டிச் செடியாக விற்கப்படுகிறது. சாகோ என்ற சொல்லைக் கேட்டு ஜவ்வரிசி தரும் மரம் என்று எண்ணிவிடக் கூடாது. சேலம் பகுதியில் ஆகும் ஜவ்வரிசி மரவள்ளிக் கிழங்கிலிருந்து கிடைப்பது. தென்கிழக்காசிய நாடுகளின் அசல் சாகோவோ உண்மையான பனை இனம் ஒன்றிலிருந்து கிடைப்பது. இவை இரண்டும் பூக்கும் தாவரங்கள். சைகஸ் செடியிலோ நஞ்சு உண்டு. விதையில் அது மிகுதி. கல்லீரலைக் கெடுக்கும் இந்நஞ்சை நீக்குவதற்கென உலர்த்தியும், பலமுறை நீர் மாற்றி ஊறவைத்தும் பக்குவப்படுத்தும் முறைகளைப் பழங்குடியினர் தலைமுறை தலைமுறையாய்க் கற்று வைத்துள்ளனர். அம்முறை அறியாதோர் இதனை உண்ணலாகாது. சிவந்த நிறமுடைய விதைகள் குழந்தைகளின் கண்ணைக் கவரும். தவழும் பிள்ளைகளும் பூனையும் உள்ள வீட்டில் இத்தொட்டியை எட்டாத இடத்தில் வைப்பதும், விதை தோன்றினால் உடனே அகற்றுவதும் நலம். தவறி ஒரு பிள்ளை வாயிலிட்டுவிட்டால், வாந்தி வருகிறதா என்று பார்த்துக் காத்திராமல், விதையையும் எடுத்துக்கொண்டு உடனே மருத்துவரிடம் செல்லுங்கள்.

இரு குலமும் நம் இல்லத்தில்

நம் உணவின் பெரும்பகுதி பூக்கும் தாவரங்களின் கொடை. அரிசி, கோதுமை, பருப்பு, எண்ணெய், காய், கனி, காப்பி, தேயிலை, மசாலாப் பொருள்கள், அணியும் பருத்தி ஆகிய அனைத்தும் அவை தந்தவை. தேனீயும் தேனுக்காகப் பூக்களையே நாடுகிறது. இதற்கு விலக்காகத் துருக்கி நாட்டில் பைன் தேன் என்று ஒன்று உண்டு. பைன் மரத்தின் சாற்றை உறிஞ்சும் சிறு பூச்சிகள் கசியவிடும் இனிப்பு நீரைத் தேனீக்கள் சேகரிப்பதால் அது உண்டாகிறது.

கூம்புக் குலம் உணவில் தந்தது சிறிது. மரத்திலும் மருந்திலும் தந்தது பெரிது. உலகின் தச்சு வேலைக்கும் காகிதக் கூழுக்கும் அது பெருமளவில் பயன்படுகிறது. இறக்குமதிப் பெட்டிகளின் பலகை பெரும்பாலும் பைன். அதன் குறுக்கு வெட்டைத் தேக்கின் வெட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள். தேக்கில் ஊசித்துளை போன்ற கண்கள் தெரியும். அவை நீர் செல்லும் அகன்ற குழாய்கள். பைன் பலகையில் அத்தகைய குழாய்கள் இரா. நுண்ணிய நார் போன்ற அணுக்களின் வழியே நீர் ஊறிச் செல்கிறது. அதனால்தான் அம்மரம் மென்மையாய், ஒரே சீராய் அமைந்துள்ளது.

ஜனாஸாவைக் குளிப்பாட்டும்போது இறுதியாக ஊற்றும் நீரில் கற்பூரம் சேர்ப்பது நபிவழி. அக்காலத்தில் அரபு வணிகர்கள் பெற்றுச் சென்ற கற்பூரம் சுமத்ரா, போர்னியோ தீவுகளிலும் சீனத்திலும் வளரும் பூக்கும் மரங்களிலிருந்து கிடைத்தது. இன்று கடைகளில் கிடைக்கும் கற்பூரத்தில் பெரும்பகுதி பைன் பாலிலிருந்து வடிக்கும் டர்பன்டைன் எண்ணெயைக் கொண்டு ஆலைகளில் செய்யப்படுகிறது. நாம் அறியாமலே ஒரு கூம்பு மரம் நம் இறுதிப் பயணத்தில் துணை வருகிறது.

யூ என்னும் திறந்தவிதை மரத்தின் பட்டையிலிருந்து கண்டெடுக்கப்பட்ட டாக்சால் என்ற மருந்து, சூலகப் புற்றுநோய்க்காக அமெரிக்காவில் 1992இல் அனுமதிக்கப்பட்டது. அம்மரத்தில் மரக்கூம்பு இல்லை; சிவந்த சதைக் கிண்ணம் ஒன்றில் ஒற்றை விதை அமர்ந்திருக்கும். கனி போலத் தோன்றினும் கிண்ணத்தின் வாய் திறந்தே இருப்பதால் அதுவும் திறந்த விதையே. அவ்விதையும் நஞ்சுடையது.

தென்னிந்தியாவில் இயற்கையாக வளரும் ஊசியிலைக் குலத்து மரம் ஒன்றே ஒன்றுதான். நஜீயா எனப்படும் அம்மரம் அகத்தியமலை, களக்காடு, நெல்லியாம்பதி போன்ற மேற்குமலைச் சோலைகளில் காணப்படுகிறது. ஊசியிலைக் குலத்தில் பிறந்தும் அதன் இலை அகன்று வேல் வடிவில் இருக்கும். இலையை மட்டும் பார்ப்போரை அதுவும் ஏமாற்றும்.

நினைவில் நிறுத்த

1. பூக்கும் தாவரத்தில் விதை சூலகத்தினுள் மூடப்பட்டு, சூலகம் காயாகவோ கனியாகவோ மாறும். திறந்தவிதைத் தாவரத்தில் சூலகம் இல்லை. ஆதலின் உண்மையான கனியும் இல்லை.

2. பூவில் மகரந்தம் சூல்முடியில் சேரும். கூம்பில் நேராகச் சூலின் வாயிலில் சேரும்.

3. பூவில் கருவுறுதல் பெரும்பாலும் சில மணி அல்லது சில நாளில் முடியும். பைன் மரத்தில் ஓராண்டு ஆகும்.

4. பூக்கும் தாவரம் கருவுற்ற பின் உணவு சேர்க்கும். கூம்பு மரம் முன்னரே சேர்த்து வைக்கும்.

5. பூக்கும் மரங்களில் நீர்க்குழாய்கள் பொதுவாக உண்டு. ஊசியிலை மரங்களில் இல்லை.

பெற்றோர்களே, வரும் விடுமுறையில் பிள்ளைகளுக்கு ஒரு வேலை கொடுங்கள். ஒரு சவுக்குக் கூம்பையும், கிடைத்தால் ஒரு பைன் கூம்பையும், சமையலறையிலிருந்து ஒரு வெண்டைக்காயையும் அருகருகே வைத்து, விதை எங்கே இருக்கிறது என்று மட்டும் கேளுங்கள். விடையைச் சொல்லித் தராதீர்கள். அவர்களே பிரித்துப் பார்க்கட்டும். காய்ப்பதையும் கனிவதையும் உற்றுநோக்குமாறு திருமறையின் 6ஆவது அத்தியாயம் 99ஆம் வசனம் பணிப்பது பெரியவர்களுக்கு மட்டுமன்று. மூடி வளர்த்தாலும் திறந்து வளர்த்தாலும் ஒவ்வொரு விதைக்கும் அதற்குரிய பாதுகாப்பைப் படைத்தவன் அளந்தே வைத்திருக்கிறான். அந்த அளவைக் கெடுக்காதிருப்பது நம் பொறுப்பு.

இன்ஷா அல்லாஹ், அடுத்த இதழில் பூவே இல்லாமல், விதையும் இல்லாமல் பெருகும் பெரணிச் செடிகளைப் பற்றிச் சிந்திப்போம்.